நீதிச் சமூக அணுகுமுறை (கல்வி)

நீதிச் சமூக அணுகுமுறை என்பது பள்ளியின் விதிகளை மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றுகூடி விவாதித்து, சம வாக்குரிமையுடன் முடிவு செய்யும் கல்வி முறையாகும். இதனை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் (1927–1987) ஆவார். தாமே பங்கேற்று வகுத்த விதியை மாணவர்கள் தம்முடையதாகக் கருதிப் பின்பற்றுவர் என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும்.

தோற்றம்

ஒழுக்கச் சிக்கல்கள் கொண்ட கற்பனைக் கதைகளை வகுப்பில் விவாதித்தால் மாணவர்களின் அறச் சிந்தனை வளரும் என்று கோல்பர்க் கருதினார். ஆனால் சரியானதை அறிதல் வேறு. அதன்படி நடத்தல் வேறு. 1969 இல் இஸ்ரேலின் கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுக் குடியிருப்பு ஒன்றில் இளைஞர்கள் வளர்க்கப்படும் முறையைக் கண்ட பின்னர், குழு வாழ்க்கையின் முக்கியத்துவத்தை அவர் வலியுறுத்தத் தொடங்கினார். 1974 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உட்பிரிவாகக் கிளஸ்டர் பள்ளி தொடங்கப்பட்டது. இதில் ஏறத்தாழ 60 மாணவர்கள் பயின்றனர்.

செயற்படும் முறை

வாரந்தோறும் பொதுக்கூட்டம் நடைபெறும். அதற்கு முன் சிறு குழுக்கள் பொருளை விவாதிக்கும். கூட்டத்தில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தலா ஒரு வாக்கு உண்டு. விதிமீறல்களை மாணவர்களும் இடம்பெற்ற ஒழுங்குக் குழு விசாரிக்கும். ஆசிரியர்கள் ஒதுங்கியிருப்பதில்லை, தம் கருத்தை எடுத்துரைப்பர், ஆனால் திணிக்கமாட்டார்கள்.

நடத்தையில் மாற்றம்

தொடக்கத்தில், திருட்டு என்பது பொருளை இழந்தவரின் தனிப்பட்ட பிரச்சினை என்றே பல மாணவர்கள் கருதினர். பின்னர் ஒருவரின் பையிலிருந்து 9 டாலர் திருடப்பட்டபோது, ஒவ்வொருவரும் 15 சென்ட் கொடுத்து இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என மாணவர் சிலர் முன்மொழிந்தனர். ஒருவரையொருவர் காக்கத் தவறியதால் இழப்பு அனைவருக்கும் உரியது என்பது அவர்களின் வாதம். முன்மொழிவு ஏற்கப்பட்டது. அதன் பின்னர் அங்குத் திருட்டு மறைந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

வரம்புகள்

எல்லா விதிகளும் இவ்வாறு வெற்றி பெறவில்லை. போதைப்பொருளுக்கு எதிரான விதிக்கு வாக்களித்த மாணவர்களே அதனை மீறினர். உடன் பயில்பவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நட்புணர்வு விதியைவிட வலுவாக இருந்தது. எனவே வாக்குரிமை மட்டுமே நடத்தையை மாற்றுவதில்லை. எடுத்த முடிவைக் காக்கும் பொறுப்பை மாணவர்கள் தாமே ஏற்கும்போதுதான் மாற்றம் நிலைக்கிறது என்பது இம்முயற்சி தந்த பாடமாகும்.