செஞ்சியின் கொம்பு எங்கே போனது?

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட்டில் நேரத்தைத் தின்பது நிரல் எழுதும் வேலை அல்ல. ஒரு கணினியில் ஓடியது இன்னொன்றில் ஏன் ஓடவில்லை என்று தேடும் வேலை.

ஒரு மாணவி, பஸ்ஸின் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படமாக வரையும் நிரலைப் பைத்தானில் எழுதியிருந்தாள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவிடம் பழகியவள். வீட்டு லேப்டாப்பில் உபுண்டு. அங்கே பலகை அழகாக வந்தது. எங்கள் விண்டோஸ் கணினியில் 'செஞ்சி'யின் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'விழுப்புரம்' அதைவிட மோசம். ழகரத்தோடு உகரம் ஒட்டவே இல்லை. பிழைச்செய்தி எதுவும் கிடையாது.

"ஃபான்ட் கோளாறு சார், வேற போட்டுப் பாக்கட்டுமா?"

"இரும்மா. அதே ஃபான்ட்தானே உங்க வீட்ல சரியா வந்துச்சு?"

யூனிகோடில் 'செ' என்பது முதலில் சகரம், பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம், அதாவது லைப்ரரி. அவள் பயன்படுத்திய பில்லோ என்ற பட நூலகம் ஹார்ஃப்பஸை நேரே கூப்பிடாது. நடுவே ராக்ம் என்று ஒன்று. ராக்முக்கோ ஃப்ரிபிடியும் கூட இருக்க வேண்டும். ஃப்ரிபிடியின் வேலை அரபி, எபிரேயம் போன்ற வலமிருந்து இடம் போகும் எழுத்தைக் கவனிப்பது. செஞ்சிக்குக் கொம்பு வைக்க அரபிக்காரர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், பத்திரப் பதிவு மாதிரி!

2021இல் வந்த பில்லோ 8.2 முதல் ராக்ம் அதன் பொட்டலத்துக்குள்ளேயே, அதாவது பேக்கேஜுக்குள்ளேயே, வருகிறது. ஃப்ரிபிடியை மட்டும் கணினியில் தேடி எடுத்துக்கொள்ளும். உபுண்டு டெஸ்க்டாப்பில் அது வேறு வேலைக்காக ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் நாம்தான் வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பில்லோ சத்தமில்லாமல் எளிய முறைக்கு இறங்கிவிடும். ஆங்கிலத்துக்கு அதுவே போதும் என்பதால் ஆங்கிலத்தில் சோதித்தவருக்குக் குறையே தெரியாது. எனக்கு இந்த அடக்கம் பிடிப்பதில்லை. அலறிக்கொண்டு நின்றுபோகும் நிரல் எவ்வளவோ மேல்.

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கிடங்கிலிருந்து விலக்கியபோது உலகெங்கும் அதை நம்பியிருந்த பில்டுகள் அலறி நின்றன. அதனால்தான் காரணம் உடனே தெரிந்தது.

சத்தமில்லாத கோளாறு என்றால் பிள்ளைகள் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவார்கள். நான் பில்லோவையே கேட்கச் சொல்வேன்: உன்னிடம் என்னென்ன வசதி இருக்கிறது? ஒரே கட்டளை. ஃப்ரிபிடி கிடைக்காததால், உள்ளே இருந்தும் ராக்ம் இல்லை என்றது. ஃப்ரிபிடியின் டிஎல்எல் கோப்பைக் கணினி தேடும் இடத்தில் வைத்ததும் கொம்பு முன்னால் வந்துவிட்டது. சோர்ஸிலிருந்து பில்ட் செய்பவர்களுக்கு வேறு தொல்லை: லினக்ஸில் நூலகம் இருந்தும் 'காணோம்' என்று வரும். பெரும்பாலும் ஹெடர் கோப்புகள் தனிப் பொட்டலத்தில் இருக்கும். அதையும் நிறுவ வேண்டும். ராக்ம் கட்டாயம் என்று பில்டிடம் சொல்லவும் வழி உண்டு; அப்போது அது இல்லாமல் பில்ட் முடியாது.

பைத்தான் பொட்டலங்களின் தேவைப் பட்டியலில் ஃப்ரிபிடியை எழுத முடியாது. அது பைத்தான் பொட்டலம் அல்ல. அதனால் அது தேவை என்று அந்த மாணவி குறிப்புக் கோப்பில் தமிழிலேயே எழுதி வைத்தாள். ராக்ம் இல்லாவிட்டால் இப்போது அவள் நிரல் பலகையே வரையாது.