எத்திலீன்: செடிக்குள் உருவாகும் வாயு

தாவரங்களுக்கு ஹார்மோனுக்கென்று தனிச் சுரப்பிகள் கிடையாது. வேர்நுனி, தளிர், காய், வாடும் பூ எனப் பல திசுக்களும் ஹார்மோன்களை ஆக்குகின்றன. நெடுங்காலமாக அறியப்பட்ட ஐந்து வகை ஹார்மோன்களில் எத்திலீன் மட்டுமே வாயு. 1901இல் ரஷ்யாவின் டிமிட்ரி நெல்யுபோவ், ஆய்வகத்து இருட்டில் முளைத்த பட்டாணி நாற்றுகள் குட்டையாகத் தடித்துப் பக்கவாட்டில் படர்வதைக் கண்டார். விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் என்று தெரிந்தது. பழுக்கும் ஆப்பிளே அதை வெளியிடுகிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் மெய்ப்பித்தார்.

இதற்கு மூலப்பொருள் மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலம். அது ஏ.டி.பி.யுடன் சேர்ந்து எஸ்-அடினோசில் மெத்தியோனைன் ஆகிறது, அதிலிருந்து ஏ.சி.சி. என்ற சிறு மூலக்கூறு பிறக்கிறது. இந்த இடைப்பொருளை 1979இல் ஆடம்ஸும் ஷாங் ஃபா யாங்கும் கண்டறிந்தார்கள். எத்திலீன் எவ்வளவு உருவாகும் என்பது பெரும்பாலும் ஏ.சி.சி.யை ஆக்கும் நொதியைப் பொறுத்தது. காயம், வறட்சி, ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோனின் மிகுதி ஆகியவை அந்த நொதியைத் தூண்டும். மெத்தியோனைனில் உள்ள கந்தகம் வீணாவதில்லை. சுழற்சியாக மீண்டும் மெத்தியோனைனுக்கே திரும்புகிறது. கடைசிப் படியில் வேறொரு நொதி, ஆக்சிஜன் துணையுடன் ஏ.சி.சி.யை எத்திலீனாக்குகிறது. அப்போது சயனைடும் உண்டாகிறது! செடி உடனுக்குடன் அதன் நஞ்சை முறித்து, அஸ்பராஜின் ஆக்கப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆக்சிஜன் தேவை என்பதால் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. வயலில் நீர் தேங்கினால் தக்காளி வேரில் ஏ.சி.சி. குவியும்; காற்றில்லாததால் எத்திலீன் ஆகாது. சாறோடு மேலேறி, காற்றுள்ள இலையை அடைந்த பிறகுதான் வாயுவாகும். இலைக்காம்பின் மேற்புறம் மிகுதியாக வளர, இலை கீழ்நோக்கி வளைகிறது. வாட்டம் போலத் தெரிந்தாலும் இது ஒருவகை வளர்ச்சியே.

மண்ணுக்குள் முட்டி மோதும் முளையிலும் எத்திலீன் கூடுகிறது. தண்டு நீளாமல் தடித்து, கொக்கிபோல் வளைந்த நுனியால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளிவருகிறது. வாழை, மா, தக்காளி போன்றவற்றில் பழுக்கும் பருவத்தில் எத்திலீனே மேலும் எத்திலீனைத் தூண்டும். திராட்சையிலும் எலுமிச்சையிலும் இந்தப் பெருக்கம் இல்லை. வாழைத்தாருக்கு மூட்டம் போடும்போது வேலை செய்வது புகையிலுள்ள எத்திலீன்தான். கார்பைடு கல் தரும் அசிட்டிலீன் எத்திலீனைப் போலவே செயல்படும். ஆனால் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள் இருக்கக்கூடும் என்பதால் இந்தியாவில் கார்பைடால் பழுக்க வைக்கத் தடை உண்டு. எத்திலீன் வாயுவுக்கோ பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதி.