மகவும் நூலும்

ஒருவன் தந்தையாகும்போது அவன் வீட்டில் மாறுவன பல. உறக்கம் மாறுகிறது, செலவு மாறுகிறது. இவற்றைப் பற்றி உறவினர் முன்கூட்டியே எச்சரித்துவிடுவர். அவன் நூல் படிக்கும் முறையும் மாறும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. மானிப்பாயில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு மகள் பிறந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அம்மாற்றத்தைப் பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

முதலிற் குறைவது நேரம். பெரிய நாவல்கள் அலமாரியின் மேற்றட்டுக்கு ஏறிவிடுகின்றன. ஒரே இருப்பிற் படித்து முடிக்கத்தக்க சிறு செய்யுள்கள் கைக்கு வருகின்றன. ஒரு கை தொட்டிலை ஆட்ட, மற்றைக் கை தாங்கக்கூடிய நூலே அப்போது உகந்த நூல். திருக்குறளும் புறநானூறும் இவ்வகையில் எனக்கு மீண்டும் கிடைத்தன.

அவை பழைய பொருளோடு கிடைக்கவில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தவர் நம்மிற் பலர். சிறு மகவு கலத்துச் சோற்றை இறைத்து மேனியெங்கும் பூசிக்கொள்வதைக் காட்டும் பாட்டு அது. அன்று அதன் வினைச்சொற்களின் அடுக்கை வியந்தேன். நாடாண்ட ஒருவன் அக்காட்சியை அருகிருந்து நெடுநேரம் பார்த்திருத்தல் வேண்டும் என்பதே இன்று தோன்றுகிறது. கம்பனிலும் அவ்வாறே. மாணவப் பருவத்தில் இராமனோடு காட்டுக்குச் சென்ற மனம், இப்போது அயோத்தியில் தசரதனோடு தங்கிவிடுகிறது.

அடுத்த மாற்றம் குரல். யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராணம் படிக்கும் மரபு நெடுநாளாக உண்டு. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். எழுத்தறியாதாரும் இருந்து கேட்பர். அதனை வயோதிபர் வழக்கென ஒதுக்குவாரும் உளர். மகளுக்குக் கதை வாசிக்கத் தொடங்கியபின் எங்கள் வீட்டிலும் ஒரு புராணபடனம் நிகழ்கிறது. நான் வாசிக்கிறேன், அவளோ, "ஏன் அப்பா?" என்று வரிக்கு வரி கேட்டு, என்னையே பயனும் சொல்ல வைக்கிறாள். வாய்விட்டு வாசிக்குங்கால் போலி நடை உடனே அகப்பட்டுவிடும். நாவில் இடறும் வாக்கியம் வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அத்துணைக் கண்டிப்பான விமரிசகரை நான் கண்டதில்லை.

பிள்ளைக்கு எதனை வாசித்துக் கொடுப்பது என்ற கேள்வி எழும்போது, நம் அயலூராகிய நவாலியை நினையாதிருத்தல் இயலாது. 1953இல் மறைந்த சோமசுந்தரப் புலவர், அட்டகிரிக் கலம்பகம் முதலிய பிரபந்தங்கள் செய்த மரபுப் புலவர்; வட்டுக்கோட்டையிற் பல்லாண்டு ஆசிரியராய் இருந்தவர். அவரே ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவருக்குப் பாடித் 'தங்கத் தாத்தா' ஆனார். அவர் மைந்தருள் இளமுருகனார் பண்டிதராக விளங்கினார். நடராசன் காளிதாசனின் மேகதூதத்தைத் தமிழாக்கினார். வங்கத்தில் தாகூர், மனைவியை இழந்து, மகள் ரேணுகாவும் நோயுற்றிருந்த 1903ஆம் ஆண்டிலேயே 'சிசு' என்னும் குழந்தைப் பாடல்களை இயற்றினார்.

பெற்றோர் மட்டுமே இவ்வுணர்வை அறிவர் என்பதும் இல்லை. இல்லறம் மேற்கொள்ளாத ஆறுமுக நாவலரே 19ஆம் நூற்றாண்டின் நடுவிற் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். ஆசிரியரும் ஒருவகையிற் பெற்றோரே.

இஃது ஒரு வீட்டுச் செய்தியோடு முடிவதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளின் ஏடுகளும் நூல்களும் போயின. பொதுநூலகம் மீண்டும் எழுந்துவிட்டது. வீட்டு அலமாரியை எழுப்ப வேண்டியவர் பெற்றோரே. பிள்ளை பிறந்துவிட்டது, இனி வாசிக்க நேரமேது என்று நூலை மூடிவிடும் இளம் பெற்றோர் பலரைக் காண்கிறேன். தாய்மாருக்கு ஓய்வு இன்னும் அரிது. நாளுக்கு ஒரு மணி நேரமேனும் அவர்கள் படிக்க இடஞ் செய்து கொடுப்பது தந்தையர் கடன். நாம் சொல்லும் புத்திமதியினும் நாம் படித்திருக்கும் காட்சியே பிள்ளையை நூலுக்கு அழைத்து வரும். பத்துப் பக்கமாயினும் அதன் கண்முன் படிப்போம். எஞ்சிய பக்கங்களை அது வளர்ந்து தானே படித்துக்கொள்ளும்.