ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதாதீர்கள்
(நிரல் எழுதப் பழகுவோருக்கான பேச்சின் எழுத்து வடிவம்)



கணனியில் நிரல் எழுதத் தொடங்குவோருக்காக நான் வானொலியில் பேசி முடித்ததும் ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீங்கள் சொல்லேக்கை எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருந்தது. ஆனால் எழுத்திலை பாத்தால்தான் பிடிபடும்" என்றார். உண்மைதான். நிரலை வாயால் சொல்லுவது கோலத்தை வாயால் சொல்லுவது போன்றது. ஆகவே அந்தப் பேச்சை இங்கே எழுத்தில் தருகிறேன். நேரம் போதாமல் அன்று சொல்லாமல் விட்ட ஒரு கதையோடு தொடங்குகிறேன். அது என் பிழையின் கதை.

மல்வேர்னில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். 2019இல் அவருக்குப் பில் போடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்று பகுதிகள். கடைக்கு வந்து வாங்குவோருக்கு ஒன்று, தொலைபேசியில் ஓடர் தருவோருக்கு இன்னொன்று, இரவில் கடை பூட்டும்போது நாட்கணக்குப் பார்க்க மற்றொன்று. மூன்றிலும் 13 வீத எச்.எஸ்.ரி. வரியைக் கணக்கிட வேண்டும். முதற் பகுதியில் எழுதியதை அப்படியே பிரதி எடுத்து மற்ற இரண்டிலும் ஒட்டினேன். வேலை சுருக்காக முடிந்தது. ஐந்து வருடம் ஒரு கரைச்சலும் இல்லை.

பிறகு 2024 டிசம்பர் 14 தொடக்கம் 2025 பெப்ரவரி 15 வரை மத்திய அரசு வரி விடுமுறை ஒன்று கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். உணவகச் சாப்பாடு, சிறுவர் உடுப்பு, விளையாட்டுப் பொருள்கள் எனப் பலவற்றுக்கு வரி இல்லை. ஒன்ராறியோவில் முழு 13 வீதமும் நின்றது. முதல் நாள் இரவு கடைக்குப் போய் நிரலைத் திருத்தினேன். கடைப் பகுதியில் மாற்றினேன், நாட்கணக்கில் மாற்றினேன். தொலைபேசிப் பகுதியை மறந்து போனேன்.

சில நாள் கழித்து ஒரு பெண் பில்லுடன் வந்தார். பிள்ளையின் பிறந்தநாளுக்கு 120 டொலருக்குச் சாப்பாடு எடுத்தவர். பில்லில் 15 டொலர் 60 சதம் வரி. "அண்ணை, வரி இல்லை எண்டு றேடியோவிலை சொன்னவை. நீங்கள் எடுத்திருக்கிறியள்" என்றார். அண்ணை உடனே காசைத் திருப்பிக் கொடுத்தார். இரவில் காசுப் பெட்டியில் ஏன் காசு கூடி நிற்கிறது என்று அவர் நாலு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது. அன்றிரவு இருவரும் இருந்து, அந்த நாட்களில் தொலைபேசியில் ஓடர் தந்த எல்லோரையும் தேடி அழைத்தோம். அண்ணை என்னைப் பேசவில்லை. "தம்பி, பதினைஞ்சு டொலர் பெரிய காசில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்னைக் கள்ளன் எண்டெல்லோ நினைச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்குச் சுட்டது.

இப்படியான பிழை வராமல் இருக்கத்தான் ஒரு வழி இருக்கிறது. ஒரு கணக்கை ஓரிடத்தில் மட்டும் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, வேண்டிய இடத்திலெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது. ஆங்கிலத்தில் பங்ஷன் என்பார்கள். தமிழில் சார்பு, செயற்கூறு எனப் பல பெயர்கள் உண்டு. நான் இங்கே நிரல்பாகம் என்கிறேன். காரணம், தமிழிலேயே நிரல் எழுதுவதற்கு 'எழில்' என்றொரு கணனி மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கியது. 2009இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பைதன் என்ற புகழ்பெற்ற மொழியின் மேல் அது கட்டப்பட்டது. அதில் பங்ஷனுக்கு வைத்த சொல்தான் நிரல்பாகம். அண்ணையின் கடை நிரலைப் பைதனில் எழுதினேன் என்றாலும், எல்லோரும் வாசிப்பதற்காக இங்கே எழிலில் தருகிறேன்.

இன்னொன்று. இந்தக் கட்டுரையில் வரி என்றால் அரசாங்கத்துக்குக் கட்டும் வரிதான். நிரலில் உள்ள வரிகளை 'வாக்கியம்' என்று சொல்கிறேன். இல்லாவிட்டால் இரண்டு வரியும் குழம்பிவிடும்.

முதலில் மிகச் சிறிய நிரல்பாகம்:

    நிரல்பாகம் வரி_கணி(விலை)
        பின்கொடு விலை * 0.13
    முடி

மூன்று வாக்கியங்கள்தான். முதல் வாக்கியம் பெயர் வைக்கிறது: வரி_கணி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'விலை' என்பது நாம் உள்ளே கொடுக்கப்போகும் பொருளுக்கான இடம். இரண்டாவது வாக்கியம் கணக்கைச் செய்து விடையைத் திருப்பித் தருகிறது. 'பின்கொடு' என்றால் திருப்பிக் கொடு. மூன்றாவது, இத்துடன் முடிந்தது என்கிறது.

இதை எழுதிவிட்டு நிரலை ஓட விட்டால் என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது. என்னிடம் பழக வருவோர் அனைவரும் முதலில் தடுக்கி விழும் இடம் இது. "அண்ணை, வேலை செய்யேல்லை" என்பார்கள். வேலை செய்யவில்லை என்றில்லை. நீங்கள் இன்னும் அழைக்கவில்லை. ஒரு நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து வைப்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. பதிவு செய்தது பெட்டிக்குள் இருந்தால் நேயருக்கு எப்படிக் கேட்கும்? அழைத்தால்தான் நிரல்பாகம் ஓடும்:

    கொத்து_வரி = வரி_கணி(15)
    பதிப்பி 15 + கொத்து_வரி

15 டொலர் கொத்துரொட்டிக்கு 1.95 வரி. திரையில் 16.95 என்று வரும். 'பதிப்பி' என்பது திரையில் காட்டு என்பதற்கான சொல்.

காட்டுவதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இரண்டாவது தடுக்கல். நிரல்பாகத்துக்குள் 'பின்கொடு' என்பதற்குப் பதிலாக 'பதிப்பி' என்று எழுதிவிடுவார்கள். திரையில் சரியான எண் வரும், ஆகவே சரி என்று நினைப்பார்கள். ஆனால் அந்த எண்ணை எடுத்து விலையோடு கூட்ட முடியாது. கத்தரிக்காய் வாங்கக் கடைக்கு அனுப்பிய பிள்ளை, வாங்கி வந்து வாசலில் நின்று உயர்த்திக் காட்டிவிட்டு விளையாடப் போனால் நீங்கள் கறி வைக்கலாமா? கையில் தந்தால்தான் வைக்கலாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் றிக் ஹோல்ட், ஜேம்ஸ் கோர்டி இருவரும் 1982இல் படிப்பித்தலுக்காக உருவாக்கிய 'டூரிங்' மொழியில் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு பெயரே வைத்திருந்தார்கள். ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போவது புரொசீஜர், ஒரு விடையைத் திருப்பித் தருவது பங்ஷன். ஒன்ராறியோவில் உயர்பள்ளி படித்த நம் பிள்ளைகள் பலர் அந்த மொழியில்தான் நிரல் எழுதப் பழகினார்கள்.

மூன்றாவது தடுக்கல் பெயர்கள் பற்றியது. நிரல்பாகத்துக்குள் 'விலை' என்று வைத்தோம். வெளியே வேறோர் இடத்திலும் 'விலை' என்று இருந்தால் முட்டிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். முட்டாது. எங்கள் வீட்டில் தம்பி என்று கூப்பிட்டால் என் தம்பி வருவான். பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் அவர்களின் தம்பி வருவான். அந்தந்த வீட்டுக்குள் அந்தந்தத் தம்பி. உள்ளே உருவான பெயர் நிரல்பாகம் முடிந்ததும் போய்விடும். வெளியே வருவது 'பின்கொடு' தருகிற விடை மட்டுமே.

இனி அண்ணையின் கடைக்குத் திரும்புவோம். பிழை நடந்த பிறகு மூன்று பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னொரு பிழையும் அகப்பட்டது. ஒன்ராறியோவில் உடனே உண்ணும்படி விற்கும் உணவும் பானமும் மொத்தம் 4 டொலர் அல்லது அதற்குக் குறைவு என்றால் 13 வீதம் எடுப்பதில்லை, மத்திய அரசின் 5 வீதம் மட்டுமே. தேநீரும் வடையும் வாங்கினால் இந்தக் கணக்குத்தான். கடைப் பகுதியில் இதைச் சேர்த்திருந்தேன். தொலைபேசிப் பகுதியில் சேர்க்கவில்லை. பிரதி எடுக்கும்போது மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு ஒன்றைத் திருத்த, மற்றது பின்னால் நின்றுவிட்டது.

மூன்றையும் அழித்துவிட்டு, ஒன்றே ஒன்று எழுதினேன்:

    நிரல்பாகம் வரி_கணி(விலை)
        @( விலை <= 4 ) ஆனால்
            வீதம் = 0.05
        இல்லை
            வீதம் = 0.13
        முடி
        பின்கொடு விலை * வீதம்
    முடி

'விலை 4 அல்லது அதற்குக் குறைவு ஆனால்' என்று தமிழ் வாக்கியம் போலவே வாசிக்கலாம். நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் வருவது எழிலின் அழகு. இரண்டு 'முடி' இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது நிபந்தனைக்கு, இரண்டாவது நிரல்பாகத்துக்கு.

இப்போது கடைப் பகுதி, தொலைபேசிப் பகுதி, நாட்கணக்கு மூன்றும் வரி_கணி என்று அழைக்கின்றன. வரி விடுமுறைக்கு இந்த ஓரிடத்தில் இரண்டு எண்களை 0 ஆக்கினேன். பெப்ரவரி 16ஆம் திகதி காலையில் அதே இரண்டையும் திரும்ப மாற்றினேன். மறப்பதற்கு வேறு இடம் இல்லை.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. நிரல்பாகத்தைத் தனியே எடுத்துச் சோதிக்கலாம். நான் நாலு எண்கள் கொடுத்துப் பார்த்தேன். 3 டொலருக்கு 15 சதம். 15 டொலருக்கு 1.95. நடுவில் உள்ளவைதான் முக்கியம்: 4 டொலருக்கு 20 சதம், 4 டொலர் 1 சதத்துக்கு 52 சதம். '<=' என்பதற்குப் பதிலாக '<' என்று எழுதியிருந்தால் 4 டொலரில் பிழைத்திருக்கும். எல்லையில் நிற்கும் எண்ணை எப்போதும் கொடுத்துப் பாருங்கள். இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரல்பாகத்தை அதுவே எழுதித் தரும். அதற்கும் 4ஐயும் 4.01ஐயும் கொடுத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

இந்த யோசனை மிகப் பழையது. இங்கிலாந்தின் கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணனி 1949 மே 6ஆம் திகதி முதன்முதலாக நிரல் ஓட்டியது. அதைக் கூட இருந்து பார்த்து எழுதி வைத்தவர்களில் ஒருவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலிருந்து போன பியற்றிஸ் வேர்ஸ்லி. அந்தக் கணனியைப் பாவித்தவர்களும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப எழுதிப் பிழை விட்டுக் களைத்தார்கள். ஆகவே அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒருமுறை சரியாக எழுதி, காகித நாடாவில் துளையிட்டு, நூலகம் போலச் சேர்த்து வைத்தார்கள். தேவையானவர் அந்த நாடாவைத் தன் நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம். டேவிட் வீலர், மொறிஸ் வில்க்ஸ், ஸ்ரான்லி கில் மூவரும் 1951இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்கள். வேர்ஸ்லி பின்னர் ரொறன்ரோவில் பற்றேர்சன் ஹியூமுடன் சேர்ந்து, சாதாரண ஆராய்ச்சியாளரும் நிரல் எழுதக்கூடியதாக 'ட்ரான்ஸ்கோட்' என்ற முறையை உருவாக்கினார்.

எப்போது நிரல்பாகம் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஒரு துண்டைப் பிரதி எடுத்து ஒட்டக் கை போகும்போது நிறுத்துங்கள். அதற்கு ஒரு பெயர் வையுங்கள். என்ன செய்கிறது என்று பெயரே சொல்ல வேண்டும். ஒரு நிரல்பாகம் ஒரு வேலை மட்டும் செய்யட்டும். வரியையும் கணக்கிட்டு, பில்லையும் அடித்து, இருப்பையும் குறைப்பது என்றால் அது மூன்று நிரல்பாகம்.

பெற்றோருக்கு ஒரு சொல். 2020இல் வந்த ஒன்ராறியோ கணிதப் பாடத்திட்டத்தில் முதலாம் வகுப்பிலிருந்தே நிரல் எழுதுவது சேர்க்கப்பட்டது. 7ஆம் வகுப்பில் துணைநிரல் என்ற பெயரில் இதே விடயம் வருகிறது. பிள்ளை பள்ளியிலிருந்து வந்து கேட்டால் மேலே உள்ள கத்தரிக்காய்க் கதையைச் சொல்லுங்கள், போதும்.

கடைசியாக, வீட்டுவேலை. வெளியே குளிரைச் செல்சியஸில் சொல்கிறார்கள், குசினியில் உள்ள அவனோ பரனைற்றில் நிற்கிறது. செல்சியஸை உள்ளே கொடுத்தால் பரனைற்றைத் திருப்பித் தரும் நிரல்பாகம் ஒன்றை எழுதுங்கள். 9ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்து, 32ஐக் கூட்ட வேண்டும். 180 கொடுத்தால் 356 வரவேண்டும். 0 கொடுத்தால் 32 வரவேண்டும். இரண்டும் வந்தால் நீங்கள் சரி.

அண்ணையின் கடையில் இப்போதும் அந்த நிரல்தான் ஓடுகிறது. அந்தப் பெண்ணும் தொடர்ந்து வருகிறார். பில்லை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார். அது நல்ல பழக்கம்தான்.