நரைத்த மாணாக்கர்

"படிக்கும் வயது கடந்துவிட்டது" என்று நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படி ஒரு வயது உண்டா? புனே நகருக்குப் படிக்க வந்த பிறகே இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது.

கோடைதோறும் இங்கே 'வசந்த வியாக்கியான மாலை' என்னும் சொற்பொழிவு வரிசை நடைபெறுகிறது. 1875ஆம் ஆண்டில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே தொடங்கி வைத்தது அது. நாளுக்கொரு பொருள், நாளுக்கொரு பேச்சாளர். தேர்வில்லை, பட்டமில்லை. சென்ற கோடையில் நான் போனபோது என்னைச் சுற்றிலும் நரைத்த தலைகளே. அருகிலிருந்த பெரியவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். என் கையிலோ எழுதுகோல்கூட இல்லை, நாணினேன்.

எழுத்தே அறியாத முதியோர் என்செய்வர்? தாணே மாவட்டத்துப் பாங்கணே சிற்றூரில் 2016 மார்ச் 8 அன்று பாட்டிமாருக்கென ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. அறுபதைக் கடந்தவர்கள் இளஞ்சிவப்புச் சேலையைச் சீருடையாக உடுத்து, பையும் சிலேட்டுமாகச் சென்று மராத்தி எழுத்துகளைக் கற்றனர். வீட்டுவேலை ஓய்ந்த பிற்பகலே வகுப்பு நேரம். கைநாட்டு வைத்த விரல்கள் கையெழுத்திடப் பழகின. மேலைநாட்டிலும் இம்முயற்சி உண்டு: பிரான்சின் துலூசு நகரில் 1973இல் 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தோன்றியது.

என் பாட்டி இன்றும் கைநாட்டே வைக்கிறார். தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்த நான், அவருக்கு ஓர் எழுத்தும் கற்பித்ததில்லை. "உனக்கெதற்குப் பாட்டி?" என்று ஒருமுறை சிரித்தும் இருக்கிறேன். வரும் விடுமுறையில் சிலேட்டு ஒன்று வாங்கிச் செல்லப்போகிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டில் காத்திருப்பவர் யார்?