ஊரார் கல்யாணமும் ஒரு நிமிஷப் படமும்

கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வீடியோ வந்து சேரும். எல்லோருமாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். "ஐயோ, என் கொசுவம் எப்படி நிக்குது பாரு!" "மாமா வாய் நிறைய சாப்பாட்டோட இருக்கும்போதா பிடிக்கணும்?" என்று ஆளுக்கொரு விமரிசனம் நடக்கும். சமையல் யார், பந்தல் யார், நாதஸ்வரம் யார் என்றெல்லாம் விசாரிப்போம். இத்தனை மணி நேரப் படத்தை யார் வெட்டி ஒட்டினார்கள் என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? ஊஹும்.

என் கொழுந்தனார் மகள் அந்த வேலைதான் பார்க்கிறாள். வயது 26. நாலு வருஷமாக எங்களோடு சென்னையில் தங்கி, வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டராக இருக்கிறாள். அவளைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் இந்த வேலையின் அருமையும் அவஸ்தையும் எனக்குத் தெரிய வந்தது.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா. வசதியான வீடென்றால் தலைக்கு மேலே பறக்கும் ட்ரோன் வேறு. ரிசப்ஷனும் முகூர்த்தமுமாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் படம் வந்து விழும். அத்தனையையும் ஒரு தரமாவது பார்த்தாக வேண்டும். அதிலிருந்து மூன்று மணி நேர முழு வீடியோ, இருபது நிமிஷச் சுருக்கம், போனில் பார்க்க ஒரு நிமிஷ ரீல் என்று மூன்று பதார்த்தம் செய்ய வேண்டும். செய்து கொடுத்தபின் "எங்க பெரியத்தையைக் காணோமே", "மாப்பிள்ளை வீட்டார் ஜாஸ்தி வர்றாங்க" என்று திருத்தம் வரும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அவள் முகத்தையே நாங்கள் பார்க்க முடியாது. மார்கழியில்தான் மூச்சு விடுவாள்.

எண்பதுகளில் இது வேறு மாதிரி. ஒரு டெக்கில் காசெட் ஓட, இன்னொரு டெக்கில் பதிவாகும். பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கிக்கொண்டே போகும். மணமக்கள் முகம் இதய வடிவத்துக்குள் சுழலும். அதையும் வாயைப் பிளந்து பார்த்தவர்கள்தானே நாம்!

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வைகாசி. ராத்திரி பதினொன்றுக்கு வந்தவள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "பெரியம்மா, தாலி கட்டுறதைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எந்த இடத்துல வெட்டணும்னுதான் தோணுது" என்றாள். வலது கை விரல்களில் மரமரப்பு வேறு. அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து அவள் அப்பாவின் போன்: "வயசு இருக்கும்போதே பாங்க் பரீட்சை எழுது. ஊரான் வீட்டுக் கல்யாணத்தை எத்தனை நாள் வெட்டிக்கிட்டு இருப்பே?" பெற்றவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மாதம் ஒன்றோ இரண்டோ, தனக்கென்று ஒரு நிமிஷப் படம் செய்வாள். கூலியும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. நாள் முழுக்கச் சமைத்தவள் ராத்திரி தனக்கு மட்டும் ஒரு தோசை வார்த்துக்கொள்வது போல! "பகலெல்லாம் செய்யற வேலையையே ராத்திரியும் செய்வாளா? பைத்தியமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். பிறகு அவரே ஒரு படத்துக்குக் கதாநாயகர் ஆனார். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சுமார் நூறு வருஷத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்று ஒரு டைரக்டர் இருந்தார். ஒரு நடிகர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தை எடுத்து, அதை அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினார். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. அதே முகம், அடுத்து ஓர் அழகான பெண். பார்த்தவர்கள் 'அடடா, என்ன பசி, என்ன துக்கம், என்ன ஆசை!' என்று நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகம் என்னவோ மூன்று தடவையும் ஒன்றுதான்! நடித்தது நடிகர் இல்லை, ஒட்டு.

பட்டாணி உரித்துக்கொண்டே இவள் இந்தக் கதையைச் சொன்னாள். "நம்ம வீட்டுல பண்ணிப் பார்க்கலாமா பெரியம்மா?" பெரியப்பா பேப்பரிலிருந்து தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்த நாலு நொடியை அவருக்குத் தெரியாமல் பிடித்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி. அதே முகத்துக்குப் பக்கத்தில் கரண்ட் பில். மூன்றாவதாக, கையில் கரண்டியோடு நான்! ஓட்டிக் காட்டினாள். பஜ்ஜிக்கு நாக்கு ஊறுகிறது, பில்லுக்கு வயிறு கலங்குகிறது, என்னைப் பார்த்து... அதை இங்கே எழுத வேண்டாம். முதலில் முறைத்த மனுஷர், அனுமதி கொடுத்து, தன் நண்பர்களுக்கெல்லாம் அவரே அனுப்பினார். முப்பத்தெட்டு நொடிப் படம், வீடே ஒரு வாரம் சிரித்தது.

இந்தச் சின்னப் படங்கள் இன்றைக்கு வந்த பைத்தியம் என்று நினைக்கிறோம். 2020 ஜூன் கடைசியில் நம் நாட்டில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஆனால் சினிமா பிறந்ததே குட்டிப் படமாகத்தானே! 1895 டிசம்பர் 28-ம் தேதி பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குள்தான். அதில் ஒன்று, அண்ணன்காரரும் மனைவியும் தங்கள் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவது. நம் வீட்டுப் பாப்பாவுக்கு நாம் போனில் எடுப்போமே, அதேதான்.

இனி முக்கியமான படத்துக்கு வருகிறேன். அது என் மாமியாரைப் பற்றியது.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில், மாசி மாத வெயிலில் அத்தை மொட்டைமாடியில் வடாம் பிழிவார். வயது 81. போன இடத்தில் பேத்தி போனை எடுத்தாள். கல்யாணக் கேமராக்காரர் மாதிரி "பாட்டி, இங்கே பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழு மாடி ஒரு தடவை, பாட்டி உட்கார்ந்திருப்பது ஒரு தடவை, கையும் அச்சுமாக நெருக்கத்தில் ஒரு தடவை என்று ஒவ்வொன்றையும் பத்து நொடி ஆடாமல் எடுத்தாள். பிறகு போனை வேட்டித் துணி ஓரமாக வைத்து, படம் எதுவும் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கால் மணி பதிவு செய்தாள். அதுதான் சூட்சுமம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முடித்த படம் 52 நொடி, பன்னிரண்டு துண்டு. ஆரம்பத்தில் படம் இருட்டு. 'கறக்... கறக்...' என்று அச்சு சுற்றும் சத்தம் மட்டும். என்ன சத்தம் என்று நாம் யோசிக்கும்போது கை தெரிகிறது. குக்கர் விசில் காதில் விழுந்த பிறகு நாம் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லையா, அப்படி. இதற்கு எடிட்டர்கள் 'ஜே கட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அத்தை கை மாவுப் பாத்திரத்துக்குப் போகிறது. பாதி வழியில் வெட்டு. அடுத்த துண்டில் கை பாத்திரத்துக்குள் இருக்கிறது. அசைவின் நடுவே வெட்டினால் வெட்டே கண்ணுக்குத் தெரியாதாம். கடைசியில் காக்கா. "போ சனியனே, உனக்குத்தான் நேத்தே வச்சேனே!" என்று அத்தை அதனோடு சண்டை போடும் குரல். முடிந்தது. பாட்டு இல்லை, எழுத்து இல்லை.

அதை நானூறு பேர் பார்த்திருப்பார்கள். அதிகமில்லை.

அடுத்த வருஷம் ஆடியில் அத்தை காலமாகிவிட்டார். காரியம் முடிந்த ராத்திரி, அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று என் நாத்தனார் மகனின் கல்யாண வீடியோவைப் போட்டோம். மூன்று மணி நேரத்தில் அத்தை பதினோரு இடத்தில் வருகிறார். எல்லாவற்றிலும் பட்டுப்புடவையோடு விறைத்துக்கொண்டு கேமராவையே பார்க்கிறார். மேலே சினிமாப் பாட்டு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் பேசிக் கேட்கவில்லை. பிறகு இவள் தயங்கித் தயங்கித் தன் 52 நொடியைப் போட்டாள். "போ சனியனே" என்ற குரல் வந்ததும் அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த என் கொழுந்தனார் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அரை மணி கழித்து இறங்கி வந்து, "அதை எனக்கும் அனுப்பும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் வேலையிலும் ஒரு மாறுதல். ஸ்டூடியோ முதலாளியிடம் கேட்டு, ஒவ்வொரு கல்யாணத்திலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் இயல்பாகப் பேசும் ஒரு நிமிஷத்தை, பாட்டுப் போட்டு மூடாமல் அப்படியே விடுகிறாள். தாலி கட்டுவதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை என்றவள், இப்போது பந்தி வரிசையில் எந்தத் தாத்தா யாரைத் திட்டுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள்! சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு இந்தக் கூலியில்லா வேலைதான் உப்புப் போட்டது என்பது என் அபிப்பிராயம்.

நம் பீம்சிங்கின் மகன் எடிட்டர் பி.லெனின் 'நாயகன்' போன்ற பெரிய படங்களை வெட்டி ஒட்டியவர். அவரும் தனக்கென்று 'நாக் அவுட்' என்ற குறும்படம் எடுத்தார். 1992-ம் வருஷத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஆக இந்த ஆசை இவளுக்கு மட்டும் வந்ததல்ல.

இது பெண்களுக்குப் புது வேலையும் அல்ல. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் தையல் மாதிரிதானே என்று ஃபிலிம் ஒட்டப் பெண்களை நிறைய வைத்துக்கொண்டார்கள். மார்கரெட் பூத் என்ற அம்மாள் அப்படி 1915-ல் சேர்ந்தவர். பிறகு எம்.ஜி.எம். கம்பெனியில் எடிட்டர்களுக்கெல்லாம் தலைவியாகி, 1978-ல் கௌரவ ஆஸ்கர் வாங்கினார். வாழ்ந்தது 104 வருஷம்! நம் நாட்டில் புனே திரைப்படக் கல்லூரியில் படித்த ரேணு சலூஜா, 'பரிந்தா' என்ற இந்திப் படத்துக்குத் தேசிய விருது பெற்றவர். பாவம், 2000-ல் இளவயதிலேயே போய்விட்டார்.

கை மரமரப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சகோதரிகள் என்னை விடமாட்டீர்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்து, ராத்திரியில் அதிகமானால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று பொருளாகலாம். தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். இவளுக்கு ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமலிருக்க ஒரு பட்டை கொடுத்தார்கள். மவுஸை விட்டுவிட்டுக் கீபோர்டிலேயே பாதி வேலையைச் செய்யப் பழகினாள். நாலு மாதத்தில் நன்றாகக் குறைந்தது. கண்ணுக்கு: திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துபோகிறது, அதனால்தான் எரிச்சல். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தூரத்திலுள்ள எதையாவது இருபது நொடி பார்க்கச் சொல்கிறார்கள். எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்க்கிறாள். திரை ஒரு கை தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். நான் என் பங்குக்கு ஒரு செம்பு மோர் கட்டிக் கொடுக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் கிடையாது என்பது என் சட்டம். முகூர்த்த மாதத்தில் மட்டும் கொஞ்சம் கண்டும் காணாமல் இருப்பேன்.

உங்கள் வீட்டிலும் செய்து பார்க்க ஆசையா? செலவு அதிகமில்லை. போன் போதும். கம்ப்யூட்டர் இருந்தால் 'டாவின்சி ரிசால்வ்' என்ற நல்ல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு விஷயம் போதும். அப்பளம் பொரிப்பது என்றால் அப்பளம் மட்டும், அடுத்த வீட்டுப் பூனை வேண்டாம். நறுக்கிய காயை எல்லாம் குழம்பில் போடுகிறோமா என்ன? சினிமாப் பாட்டைச் சேர்த்தால் உரிமைக்காரர் பெயரில் தடுத்துவிடலாம். வீட்டுச் சத்தத்துக்கு யாரும் உரிமை கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வெளியே போகும் படமென்றால் அதில் வருபவரைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். குழந்தைகளை எடுக்கும்போது பள்ளிக்கூடப் பெயர், வீட்டு வாசல் தெரியாமல் பாருங்கள். இவள் கட்சிக்காரர் வீட்டுப் படத்தில் ஒரு நொடியைக்கூடத் தன் படத்துக்கு எடுக்க மாட்டாள். கடைசியாக, முடித்த படத்தை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் வடாமும் போச்சு, பாட்டியும் போச்சு.

பாங்க் பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பணம் கட்டியிருக்கிறாள். அப்பாவுக்காக எழுதப்போகிறாளாம். பாஸானால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அப்ப பார்க்கலாம் பெரியம்மா" என்று நழுவுகிறாள். கொழுந்தனாரும் முன்போல அழுத்திக் கேட்பதில்லை.

இப்போது எங்கள் தெரு முனை இஸ்திரி வண்டிக்காரரை, அவர் சம்மதத்தோடு, படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பெட்டியில் கரியைப் போட்டு விசிறும்போது வருமே ஒரு 'சடசட', அது சரியாகப் பதிவாகவில்லையாம். பஸ் சத்தம் வருவதற்கு முன், நாளைக் காலை ஆறு மணிக்கே மறுபடி போகவேண்டும் என்கிறாள். துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள்.