தூண்டிலுக்கு எத்தனை மீன்?

தலவாக்கலை நகரையொட்டி மேல் கொத்மலை அணை தேக்கி வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, அக்கரப்பத்தனைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிவரும் ஆக்ரா ஓயாவுடையது. 2012இல் மின் உற்பத்தி தொடங்கியபின் 150 மெகாவாட் கணக்கில்தான் இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். துரைமார் காலத்தில் ஆக்ரா ஓயா ட்ரவுட் மீனுக்குப் பேர்போன ஆறு. அப்போது அங்கே தூண்டில் போட அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது.

ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. பிரவுன் ட்ரவுட் 1882 முதல் நுவரெலியா ஓடைகளில் விடப்பட்டது. ரெயின்போ ட்ரவுட் 1889க்குப் பிறகு வந்தது. முன்னது இங்கே தானாகப் பெருகவில்லை, பின்னது ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் குஞ்சு பொரித்து நிலைத்துவிட்டது. 1896இல் அமைந்த சிலோன் ஃபிஷிங் கிளப் மீன்குஞ்சு வளர்த்து ஓடைகளில் விட்டது, யார் தூண்டில் போடலாம் என்பதையும் தீர்மானித்தது. பொழுதுபோக்கு மீன்பிடிக்கு மலையகம் கண்ட தொடக்ககால ஒழுங்குமுறை இது. அதை எழுதியவர்களும் மீனைப் பிடித்தவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தவர்கள். லயனில் இருந்த தோட்டத் தொழிலாளருக்கு அந்த மேசையில் இடமில்லை. 1948இல் குடியுரிமையையே இழந்த சமூகம், மீனுக்காக மனுப்போடும் நிலையிலா இருந்தது?

ஒழுங்குமுறை காத்தது எந்த மீனை என்பது இன்னொரு கேள்வி. ஹோர்ட்டன் சமவெளியின் பெலிஹுல் ஓயாவில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு நன்னீர் இறால் வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் காரிடினா சிங்கலென்சிஸ். அதற்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் ட்ரவுட் ஒரு வேட்டைக்காரன் என்று உயிரியலாளர்கள் கவலைப்படுகிறார்கள். 1988இல் சமவெளி தேசிய பூங்கா ஆனபின் அங்கே எதையும் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. வந்தேறி மீனுக்கும் அதுவே பாதுகாப்பாகிவிட்டது.

பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு வரம்பு என்றால் பெரும்பாலும் நான்கில் ஒன்று: ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன், இந்த நீளத்துக்குக் குறைந்தால் திரும்ப விடு, இன்ன மாதத்தில் மட்டும் பிடி, எல்லோரும் சேர்ந்து ஆண்டுக்கு இவ்வளவு எடைக்கு மேல் எடுக்காதே. முதல் மூன்றும் தனியாளைக் கட்டுப்படுத்தும். நான்காவதுதான் சண்டையைக் கிளப்பும். மொத்தத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரித்தாக வேண்டுமே!

அந்தச் சண்டையை உலகமே பார்க்கும்படி போட்டவர்கள் மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்க வாடகைப் படகுக்காரர்கள். காசு வாங்கிக்கொண்டு பயணிகளைக் கடலுக்கு அழைத்துப்போய், தூண்டில் கொடுத்து, மீன் பிடிக்க வைப்பது அவர்கள் தொழில். அங்கே எல்லோரும் தேடுவது ரெட் ஸ்னாப்பர். 1976ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் 2006இல் திருத்தப்பட்டபோது ஆண்டுப் பிடிப்பு வரம்பு கட்டாயமானது. ரெட் ஸ்னாப்பரில் 51 வீதம் வணிக மீனவருக்கு, 49 வீதம் பொழுதுபோக்குக்கு. பொழுதுபோக்கில் ஆளுக்கு இரண்டு மீன், ஒவ்வொன்றும் குறைந்தது 16 அங்குலம்.

சிக்கல் அந்த 49 வீதத்துக்குள் இருந்தது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்கள் பிடித்ததை எண்ண ஆளில்லை. கரையோர மாநிலங்கள் தங்கள் கடற்பரப்பில் பருவத்தை நீட்டிக்கொண்டே போயின. அங்கே பிடிபட்டதும் அதே கணக்கில் கழிவதால், மத்திய அரசின் கடற்பரப்பில் பருவம் சுருங்கியது. 2014இல் வெறும் 9 நாட்கள். மத்திய அனுமதி பெற்ற வாடகைப் படகோ, மத்தியப் பருவம் மூடியபின் மாநிலக் கடலிலும் அந்த மீனைத் தொடக்கூடாது. ஆண்டு முழுக்கப் படகுக் கடன் கட்டும் ஒருவருக்கு 9 நாள் வருமானம் எந்த மூலைக்கு?

சார்ட்டர் ஃபிஷர்மன்ஸ் அசோசியேஷன் போன்ற சங்கங்கள் கேட்டது கூடுதல் மீன் அல்ல, தனிப் பங்கு. சொந்தப் படகு இல்லாத மக்கள் கடல் மீனைத் தொடுவது எங்கள் படகில்தான் என்றார்கள். எங்களை எண்ணுவது எளிது, ஒவ்வொரு மீனையும் எழுதித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். கணக்குக் கொடுக்க முன்வந்ததுதான் அவர்கள் வாதத்தின் பலம். சொந்தப் படகுத் தூண்டில்காரர்களின் பெரிய அமைப்பான கோஸ்டல் கன்சர்வேஷன் அசோசியேஷன், பொதுச் சொத்தைக் கூறுபோடுகிறார்கள் என்று எதிர்த்தது. வளைகுடா மீன்வள முகாமைத்துவ சபை 2014 அக்டோபரில் வாக்கெடுத்துப் பிரித்தது: வாடகைப் படகுக்கு 42.3 வீதம், சொந்தப் படகுக்கு 57.7. அடுத்த ஆண்டு வாடகைப் படகுக்கு 44 நாட்கள், சொந்தப் படகுக்கு 10. 2017இல் 49க்கு 3. பிரிப்பை எதிர்த்தவர்கள் வழக்கும் போட்டுப் பார்த்தார்கள், மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரிப்பைச் சரியென்றது.

சொந்தப் படகுக்காரர்களின் எண்ணிக்கை பலமும் சும்மா இருக்கவில்லை. 2017இன் அந்த 3 நாட்களுடன் அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் மேலும் 39 நாட்களைச் சேர்த்தது. அப்படிச் செய்தால் வரம்பு மீறப்படும் என்பதை அரசின் அறிவித்தலே மறைக்கவில்லை.

எழுதித் தருகிறோம் என்ற வாக்கும் வழுக்கியது. 2021இல் வாடகைப் படகுகளுக்கு மின்னணுப் பதிவேடு வந்தது. கூடவே படகு எங்கே போகிறது என்று காட்டும் ஜிபிஎஸ் கருவியையும் பொருத்தச் சொன்னார்கள். இது எங்களை வேவு பார்ப்பது என்று கப்டன்மார் சிலரே நீதிமன்றம் போனார்கள். 2023 பெப்ரவரியில் விதி ரத்தானது. தனிப் பங்கு கிடைத்தது, பதிவேடு போனது.

சிறியதைத் திரும்ப விடு என்ற விதிக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஆழத்திலிருந்து வேகமாக இழுக்கப்படும் ரெட் ஸ்னாப்பரின் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை, நீரழுத்தம் குறையக் குறைய ஊதிப்போகும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளும். அந்த நிலையில் விட்டால் மீன் மேற்பரப்பிலேயே மிதக்கும். டொல்பினுக்கோ பறவைக்கோ அது சோற்றுத் தட்டு. ஆகவே காற்றை வெளியேற்றும் ஊசியோ, மீனைக் கவ்வி ஆழத்துக்கு இறக்கிவிடும் எடைக் கருவியோ படகில் தயாராக இருக்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் சட்டம் செய்தார்கள்.

தமிழருக்குப் பக்கத்து உதாரணம் காவிரி. கர்நாடகத்தின் கலிபோரே, பீமேஸ்வரி முகாம்களில் மஹ்சீர் மீனைத் தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, உயிருடன் திரும்ப விடுவது வழக்கமாக இருந்தது. கள்ளமாக மீன் பிடித்தவர்களில் சிலரே வழிகாட்டிகளாக மாறி, வெடி வைத்து மீன் கொல்வோரைத் தடுத்தார்கள். காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் தூண்டிலும் வேட்டைதான் என்று சட்டத்துக்குப் பொருள்கொண்டதில் முகாம்களின் தூண்டில் நின்றது. தூண்டில் மீனைக் காக்கிறது என்ற தூண்டில்காரர்களின் வாதம் எடுபடவில்லை. ஆனால் கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட பிடிப்புக் குறிப்புகள் மிஞ்சின. ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: மஹ்சீர் எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் கூடியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு இனம். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் மறைந்துகொண்டிருந்தது. 2018இல் அதற்கு டோர் ரெமாதேவீ என்ற அறிவியல் பெயர் உறுதியானது, மிக அருகிவிட்ட இனம் என்ற பட்டியலிலும் அது சேர்ந்தது. வெள்ளைக்காரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட நோட்டுப்புத்தகங்களே சாட்சி சொல்லின.

இலங்கைக் கடலுக்கு வருவோம். மிரிஸ்ஸ, நீர்கொழும்பு, திருகோணமலையிலிருந்து வாடகைப் படகுகள் பாய்மர மீனையும் மார்லினையும் தேடிப் போகின்றன. இவற்றுக்கு இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2018இல் வரம்பு வைத்தது: பாய்மர மீன் 25,000 தொன், நீல மார்லின் 11,930 தொன், கீழ்த்தாடையிலிருந்து வால் பிளவு வரை 60 சென்றிமீற்றருக்குக் குறைந்தால் கப்பலில் வைத்திருக்கவும் கூடாது. இவை பல நாடுகளின் செவுள்வலைக்கும் நீள்தூண்டிலுக்கும் சேர்த்த அளவு. சுற்றுலாப் படகு பிடிப்பது அதில் துளி. ஆனாலும் எழுதாத துளியைத் துளி என்று நிரூபிப்பது கடினம். மீன்பிடிக் கண்காணிப்பு போதவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை இலங்கை மீனுக்குக் கதவை மூடியதை நீர்கொழும்பு ஏற்றுமதியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மலையகத்தில் இன்று தூண்டில் போடுபவர் துரை அல்ல. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கக் கரைகளில் மண்புழு கோர்த்து உட்காரும் தோட்டத்து இளைஞரின் இரை திலாப்பியாவும் கார்ப்பும். 1952இல் வந்த திலாப்பியாதான் நாட்டின் நன்னீர் மீன்பிடியைத் தூக்கி நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு எதிரான பௌத்தக் குரலுக்குச் செவிசாய்த்து 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியது. 1994இல் ஆதரவு மீண்டது. பின்னர் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நக்டா எனும் நீருயிரினச் செய்கை அதிகார சபை உருவானது. ஆதரவு நின்ற அந்த நான்கு ஆண்டுகளும் நன்னீர் மீனவர் பக்கம் பேச வலுவான சங்கம் இருக்கவில்லை என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதி.

1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம், ஒரு நீர்ப்பரப்பை முகாமைத்துவப் பகுதியாக அறிவித்து அங்கே மீனவர் குழு அமைக்க இடம் தருகிறது. காசல்ரீக்கோ மேல் கொத்மலைக்கோ அப்படியொரு குழு கூடினால், வலைக்காரர், மின்சார சபை, தூண்டில் சுற்றுலா நடத்த விரும்பும் ஹோட்டல்காரர் எல்லோரும் வருவார்கள். மண்புழு டின்னோடு கரையில் உட்காருபவர் சார்பில் கூட்டத்துக்குப் போக இன்று ஒரு சங்கமும் இல்லை. ஆனால் ஒருவர் ஒரு நாளில் பிடித்தது என்ன, எத்தனை என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதத் தொடங்குவதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.